பாடம் 9: ஒரே அடுப்பில் ஐந்து பேருக்கு இரவுச் சாப்பாடு

புதிதாகக் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கும் குடும்பங்களிடம் முதல் மாதச் செலவைப் பற்றிக் கேட்டால், வாடகைக்கு அடுத்தபடியாக அவர்கள் சொல்வது சாப்பாட்டுப் பார்சல். அடுப்பு இல்லை, சட்டி பானை இல்லை, சந்தை எந்தப் பக்கம் என்றும் தெரியாது. ஆகவே காலையில் கடை அப்பம், மத்தியானம் பார்சல், இரவு கொத்து ரொட்டி என்று நாட்கள் போய்விடுகின்றன. முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாய், கையில் கொண்டுவந்த காசு ஆறு கிழமையில் எப்படி முடிந்தது என்று தனக்கே விளங்கவில்லை என்றார். அவருடன் இருந்து கணக்குப் பார்த்தோம். ஐந்து பேருக்கு இரவுக்கு மட்டும் வாங்கிய பார்சல்களின் காசில் ஒரு காஸ் அடுப்பு, சிலிண்டர், தாச்சி, பானை எல்லாம் வாங்கியிருக்கலாம், மிச்சமும் வந்திருக்கும்.

அந்தத் தாய் கொட்டாஞ்சேனையில் தன் அறையில் முதன்முதலாகச் சமைத்த இரவுச் சாப்பாட்டையே இந்தப் பாடத்துக்கு எடுத்துக்கொள்கிறோம். சீனச் சாப்பாட்டுக் கடைகளில் கிடைப்பது போன்ற பன்றி இறைச்சி டெவில், சம்பாச் சோறு, உள்ளி போட்டு வதக்கிய கங்குங் கீரை. பிள்ளைகள் கடைப் பலகைகளைப் பார்த்து, பார்த்து ஆசைப்பட்டுக் கேட்டது அதைத்தான். தாய்க்கோ அது பழக்கமில்லாத சமையல். ஊரில் பன்றி என்றால் வயலைக் கிண்டும் காட்டுப்பன்றிதான் அவருக்குத் தெரியும்.

பன்றி இறைச்சி சாப்பிடாதவர்கள் இந்தப் பாடத்தைத் தள்ளிவிட வேண்டாம். இதே முறையில் கோழி இறைச்சியையும் சமைக்கலாம். கோழிக்கு மூடி அவிக்கும் நேரம் பாதியளவே போதும். சைவக்காரர் சோயாமீற்றைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து எடுத்து, அவிக்கும் வேலையை விட்டுவிட்டு, நேரே பொரிக்கும் இடத்திலிருந்து தொடங்கலாம். ஒற்றை அடுப்பில் எதை முதலில் வைப்பது, கத்தியை எந்த ஒழுங்கில் பாவிப்பது, மிச்சத்தை என்ன செய்வது என்பவை எல்லோருக்கும் பொது.

அட்வான்ஸ் கொடுக்க முன்னர் கேளுங்கள்

கொழும்பில் வாடகை அறை பார்க்கும்போது தண்ணீர், மின்சாரம், குளியலறை பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். சமையலைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. வெள்ளவத்தையில் சில வீட்டுக்காரர்கள் சைவக் குடும்பத்துக்கு மட்டுமே அறை கொடுப்பார்கள். சிலர் மீன், கோழி வரைக்கும் சம்மதிப்பார்கள். மாடும் பன்றியும் வேண்டாம் என்பார்கள். முஸ்லிம் குடும்பத்தோடு ஒரே குசினியைப் பாவிப்பதானால் பன்றி இறைச்சி சமைக்கவே கூடாது. அவர்களுக்கு அது மார்க்கத்தில் விலக்கப்பட்டது. நாங்கள் சொன்ன தாய் முதலில் எடுத்த அறையை இதனாலேயே விட வேண்டி வந்தது. சண்டை ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது கிழமை ஞாயிற்றுக்கிழமை சமைத்தார், திங்கட்கிழமை வீட்டுக்காரர் வந்து வேறு இடம் பார்க்கச் சொன்னார். கொடுத்த அட்வான்ஸில் ஒரு பகுதி திரும்பி வரவில்லை.

ஆகவே வாய்விட்டுக் கேளுங்கள். "அன்ரி, நாங்கள் வேதக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் பன்றி இறைச்சி சமைப்போம். உங்களுக்கு அது பிரச்சினையாக இருக்குமோ?" இப்படிக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அவர் தயங்கினால் அந்த அறை உங்களுக்கு ஏற்றதல்ல என்று இப்போதே தெரிந்துவிடும். சம்மதித்தால், எந்த நாட்களில் வேண்டாம் என்பதையும் கேட்டு வையுங்கள். வெள்ளிக்கிழமைகளில் மச்சம் சமைக்காத இந்துக் குடும்பங்கள் பல. ஆடிவேல் விழா நாட்களில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் இன்னும் கவனமாக இருப்பது நல்லது. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கத்தோலிக்கரும் இறைச்சி உண்பதில்லை.

பொதுக் குசினியில் பன்றி இறைச்சிக்கென்று ஒரு தாச்சி, ஒரு கத்தி, ஒரு பலகை புறம்பாக வைத்திருங்கள். பக்கத்து அறை அக்காவின் அம்மியையோ அகப்பையையோ இரவல் வாங்க வேண்டாம். அவர் தந்தாலும் வாங்க வேண்டாம்; பிறகு தெரிய வந்தால் அந்த உறவு போய்விடும். பொரிக்கும்போது யன்னலைத் திறந்து, நடையின் பக்கத்துக் கதவைச் சாத்திவையுங்கள்.

இறைச்சி எங்கே, எப்படி வாங்குவது

கொட்டாஞ்சேனையில் இருப்பவர்களுக்கு இது சுலபம். சாந்த லூசியா பேராலயத்தையும் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தையும் சுற்றிக் கத்தோலிக்கக் குடும்பங்கள் நிறைய உண்டு. ஞாயிறு பூசை முடிந்து பன்றி இறைச்சி வாங்கிக்கொண்டு போவது அங்கே சாதாரணம். வடக்கே வத்தளை, ஜாஎல, நீர்கொழும்பு, சிலாபம் என்று புத்தளம் வரை போகும் கரையோரத்தில்தான் இலங்கையின் பன்றிப் பண்ணைகளில் பெரும்பகுதி இருக்கிறது. வெள்ளவத்தையில் இருப்பவர்கள் சந்தையில் விசாரித்துப் பார்க்கலாம்; இல்லாவிட்டால் காலி வீதியில் உள்ள சுப்பர் மார்க்கெட்டுகளில் குளிரூட்டிய பொதியாகக் கிடைக்கும். பொதியில் வாங்குவதானால் தேதியைப் பாருங்கள். பொதிக்குள் தண்ணீரும் இரத்தமும் தேங்கி நின்றால் விட்டுவிடுங்கள்.

கடைக்காரர் சிங்களம் பேசுபவராக இருந்தால் பயப்பட வேண்டாம். பன்றி இறைச்சிக்கு 'ஊரு மஸ்' என்பார்கள். 'ஊரு மஸ் கிலோ பாகயக் தென்ன' என்றால் அரைக் கிலோ தாருங்கள் என்று அர்த்தம். 'கீயத?' என்றால் எவ்வளவு? இந்த மூன்றும் போதும். மற்றதைக் கையால் காட்டலாம். தமிழ்நாட்டு முகாம்களில் வளர்ந்த பிள்ளைகளைச் சந்தைக்கு அனுப்புபவர்கள் இன்னொன்றையும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கும். அவர்கள் முட்டைகோஸ் என்பது இங்கே கோவா, பீன்ஸ் என்பது போஞ்சி, பூண்டு என்பது உள்ளி, எலுமிச்சம்பழம் என்பது தேசிக்காய், காய்ந்த மிளகாய் என்பது செத்தல். ஒரு பிள்ளை கடையில் "பூண்டு" கேட்டுவிட்டு வெறுங்கையோடு வந்து அழுதது எங்களுக்குத் தெரியும்.

நல்ல பன்றி இறைச்சி வெளிர்ச் சிவப்பாக இருக்கும். கொழுப்பு வெள்ளையாக, விரலால் அமர்த்தினால் உறுதியாக இருக்கும். மஞ்சள் பூத்த கொழுப்பு, வழுவழுப்பு, புளித்த மணம் இருந்தால் வாங்காதீர்கள். காலையில் வாங்குவதே நல்லது. பிற்பகல் வரை தொங்கிய இறைச்சி கொழும்பு வெக்கையில் என்ன நிலையில் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. போயா தினத்தில் இறைச்சி விற்பனை நாடு முழுவதும் தடை. வெசாக் காலத்தில் ஒரு நாளுக்கு மேலாகவும் கடைகள் மூடியிருக்கும். கலண்டரைப் பார்த்து முன்கூட்டியே திட்டமிடுங்கள்.

2024 ஒக்டோபரில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கையில் பரவியது. அதன் பின்னர் பலர் எங்களிடம் கேட்ட கேள்வி, இனி இந்த இறைச்சியைச் சாப்பிடலாமா என்பது. இந்தக் காய்ச்சல் மனிதருக்குத் தொற்றுவதில்லை. ஆனால் பன்றிகளை அது கூட்டம் கூட்டமாகக் கொல்லும், அதற்குத் தடுப்பு மருந்தும் இங்கே பாவனையில் இல்லை. நோயில் செத்த பன்றியின் இறைச்சியை மலிவாகத் தள்ளிவிடப் பார்ப்பவர்களும் இருப்பார்கள். ஆகவே அனுமதி பெற்ற கடையைத் தவிர வேறிடத்தில், எவ்வளவு மலிவாக வந்தாலும் வாங்காதீர்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். ஊரில் உறவினர் யாராவது பன்றி வளர்த்தால், குசினிக் கழிவை, முக்கியமாகப் பன்றி இறைச்சி பட்ட கழிவை, அவிக்காமல் பன்றிக்குப் போட வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். நோய் பரவும் வழிகளில் அதுவும் ஒன்று.

ஐந்து பேருக்கு அரைக் கிலோ போதும். தசையும் கொழுப்பும் கலந்த துண்டாகக் கேளுங்கள். தனித் தசை விலையும் கூட, காய்ந்தும் போகும்.

இது யாருடைய சாப்பாடு?

டெவில் என்று இங்கே சொல்வது கொழும்பில் வளர்ந்த ஒரு சமையல். பெயர் ஆங்கிலேயர் விட்டுப் போனது. அவர்கள் காரம் போட்டுச் சமைத்ததை அந்தப் பெயரால் அழைத்தார்கள். சோயா சோஸும், பெரிய நெருப்பில் விரைவாகப் புரட்டி எடுக்கும் முறையும் சீனருடையது. செத்தல் மிளகாயும் கறிமிளகாயும் நம்முடையவை. சீனாவில் இதைக் கேட்டால் யாருக்கும் தெரியாது.

இந்தச் சமையலைக் கொழும்புக்குப் பழக்கியவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டாம் உலகப் போருக்கு முன்னும் பின்னும் சீனாவின் சாந்துங், ஹூபே மாகாணங்களிலிருந்து வந்த குடும்பங்கள் அவை. ஆண்கள் துணி மூட்டையைத் தோளிலும் சைக்கிளிலும் சுமந்து வீடு வீடாக விற்றார்கள். சிலர் பல் வைத்தியம் பார்த்தார்கள். சிலர் சாப்பாட்டுக் கடை போட்டார்கள். கொழும்பில் பிறந்து, கொழும்பில் படித்து, சிங்களமும் தமிழும் பேசிய அவர்களுடைய பிள்ளைகளுக்கும் நெடுங்காலம் எந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் இருக்கவில்லை. 2008ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகே அவர்களுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைக்க வழி பிறந்தது. இந்திய வம்சாவளித் தமிழருக்கான 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தைப் பற்றி 4ஆம் பாடத்தில் படித்திருப்பீர்கள். இது அதற்கு ஐந்து வருடம் பிந்தியது. பத்திரம் இல்லாமல் காத்திருந்த காலத்திலும் அவர்கள் கடையை நடத்தினார்கள், கொழும்பார் போய்ச் சாப்பிட்டார்கள்.

அடுப்பு

இரண்டு கம்பனிகளின் காஸ் இங்கே கிடைக்கிறது: நீலச் சிலிண்டர் லிட்ரோ, மஞ்சள் சிலிண்டர் லாஃப்ஸ். 12.5 கிலோ சிலிண்டரை மாடிக்குத் தூக்கிச் செல்வது கஷ்டம் என்றால் 5 கிலோ சிலிண்டரும் உண்டு. ரெகுலேற்றரை எடுத்த சிலிண்டருக்குப் பொருந்துமா என்று கடையிலேயே பூட்டிக் காட்டச் சொல்லுங்கள். குழாய் பழையதாக இருந்தால் புதிதாக வாங்குங்கள். இரவல் அடுப்போடு வரும் வெடித்த குழாயை நாடாவால் சுற்றிப் பாவிப்பதை நாங்கள் பல வீடுகளில் கண்டிருக்கிறோம். தயவுசெய்து வேண்டாம்.

2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாட்டின் பல பாகங்களிலும் காஸ் அடுப்புகளும் சிலிண்டர்களும் வெடித்த செய்திகள் அடுத்தடுத்து வந்தன. காஸின் கலவை மாற்றப்பட்டது காரணமாகக் கூறப்பட்டது. கலவையை நாம் பார்க்க முடியாது, ஒழுக்கைப் பார்க்கலாம். சவர்க்காரத்தைத் தண்ணீரில் கரைத்து நுரையை ரெகுலேற்றரிலும் குழாய் பூட்டிலும் பூசுங்கள். குமிழி வந்தால் ஒழுகுகிறது. நெருப்புக்குச்சி கொளுத்திப் பார்க்கும் வழக்கம் யாருக்காவது இருந்தால் இன்றோடு விடுங்கள். காஸ் மணம் வந்தால் ரெகுலேற்றரை மூடி, யன்னல்களைத் திறந்து, வெளியே போங்கள். லைற் சுவிட்சைப் போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். தீயணைப்புக்கு 110, அம்புலன்ஸுக்கு 1990.

சமைப்போம்

அடுப்பைப் பற்றவைக்க முன்னர் எல்லாவற்றையும் வெட்டி முடியுங்கள். அடுப்பு எரிய எரிய வெங்காயம் வெட்டுவது காஸ் வீண். ஒரு கத்தியும் ஒரு பலகையும்தான் உண்டு என்றால் ஒழுங்கு முக்கியம்: முதலில் மரக்கறி, கடைசியாக இறைச்சி. பச்சை இறைச்சி பட்ட பலகையில் கீரை வெட்டக்கூடாது. இறைச்சி வெட்டி முடிந்ததும் கத்தி, பலகை, கை மூன்றையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

வேண்டியவை: பன்றி இறைச்சி அரைக் கிலோ. பம்பாய் வெங்காயம் இரண்டு. கறிமிளகாய் நான்கு. தக்காளி ஒன்று பெரியது. உள்ளி பத்துப் பல்லு, இஞ்சி பெருவிரல் அளவு. செத்தல் மிளகாய் ஆறு. மிளகுதூள் ஒரு தேக்கரண்டி. சோயா சோஸ் இரண்டு மேசைக்கரண்டி, வினாகிரி இரண்டு மேசைக்கரண்டி, தக்காளி சோஸ் ஒரு மேசைக்கரண்டி, சீனி ஒரு தேக்கரண்டி, சோளமா அரைத் தேக்கரண்டி. கங்குங் மூன்று கட்டு. சம்பா அரிசி மூன்று பால்பேணி. சோயா சோஸ் போத்தல் ஒன்று வாங்கினால் மாதக் கணக்கில் வரும். சிறிய போத்தலே போதும்.

முதலில் சோறு. அரிசியைக் கழுவிக் கல் அரித்து அரை மணி நேரம் ஊறவிடுங்கள். ஒரு பேணி அரிசிக்கு இரண்டு பேணி தண்ணீர் வைத்து மூடி, கொதித்ததும் நெருப்பைக் குறைத்து, தண்ணீர் வற்றும் வரை கால் மணி நேரமளவில் விடுங்கள். பிறகு அடுப்பிலிருந்து இறக்கி, மூடியைத் திறக்காமல், பானையைப் பழைய துவாயாலும் பத்திரிகைத் தாளாலும் நன்றாகச் சுற்றி மூலையில் வையுங்கள். மிச்ச வேக்காடு அந்தச் சூட்டிலேயே முடியும். மற்றவற்றைச் சமைத்து முடிக்கும் வரை சோறு ஆறாது. கஞ்சி வடிக்கும் பழக்கமுள்ளவர்கள் முதல் நாள் மனம் ஒப்பமாட்டார்கள். ஆனால் இது வடித்த சோற்றை விடக் காஸ் மிச்சம், தண்ணீரும் மிச்சம். கொழும்பு மாடி வீட்டில் இரண்டும் காசு.

அடுத்தது இறைச்சி. இங்கேதான் காட்டுப்பன்றி சமைத்த கை கொஞ்சம் மாற வேண்டும். காட்டுப்பன்றியில் கொழுப்புக் குறைவு, தசை முறுக்கு. வறுத்த தூள் நிறையப் போட்டு, எண்ணெய் விட்டு, நீண்ட நேரம் அவிய விடுவோம். பண்ணைப் பன்றிக்கு எண்ணெயே தேவையில்லை. அதன் கொழுப்பு போதும். முல்லைத்தீவுத் தாய் முதல் தடவை பழக்கத்தில் தேங்காயெண்ணெய் அரைக் கோப்பை விட்டுவிட்டார். கறி எண்ணெயில் மிதந்தது, பிள்ளைகளுக்கு வயிற்றைப் பிரட்டியது.

இறைச்சியைப் பெருவிரல் நகத்தின் இரண்டு மடங்கு அளவில் வெட்டுங்கள். உப்பு அரைத் தேக்கரண்டி, மிளகுதூள், வினாகிரி ஒரு மேசைக்கரண்டி, தட்டிய இஞ்சியில் பாதி சேர்த்துப் பிரட்டி, தாச்சியில் போட்டு, ஒரு கோப்பை தண்ணீர் விட்டு மூடி, இளநெருப்பில் அரை மணி நேரம் அவியவிடுங்கள். பிரஷர் குக்கர் இருந்தால் 12 நிமிடம். பெரிய துண்டு ஒன்றை எடுத்து வெட்டிப் பாருங்கள். உள்ளே சிவப்பு இருக்கக்கூடாது, வடியும் நீர் தெளிவாக இருக்க வேண்டும். இதை அவசரப்படுத்தாதீர்கள். சரியாக அவியாத பன்றி இறைச்சியால் நாடாப்புழு வயிற்றுக்குள் போகும். அந்தப் புழுவின் முட்டை அசுத்தமான கையாலோ சாப்பாட்டாலோ உடம்புக்குள் போனால், குடம்பிகள் மூளைக்குப் போய் வலிப்பும் வரலாம். நன்றாக அவித்து, கையைக் கழுவினால் பயமில்லை.

அவிந்ததும் மூடியைத் திறந்து நெருப்பைக் கூட்டுங்கள். தண்ணீர் வற்ற வற்றக் கொழுப்பு உருகி வெளியே வரும். சத்தம் மாறும், கொதிக்கிற சத்தம் போய்ப் பொரிகிற சத்தம் வரும். அந்தக் கொழுப்பிலேயே ஏழெட்டு நிமிடம் புரட்டி, ஓரங்கள் பொன்னிறமானதும் இறைச்சியை வழித்துத் தட்டில் எடுங்கள். காரம் சாப்பிடாத சின்னப் பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் கொஞ்சம் எடுத்துவைக்கலாம். சோற்றோடு பிசைந்து கொடுத்தால் விரும்பிச் சாப்பிடுவார்கள்.

தாச்சியில் இரண்டு மேசைக்கரண்டி கொழுப்பை விட்டுவிட்டு மிச்சத்தை ஒரு பேணியில் ஊற்றி வையுங்கள். உள்ளியில் பாதி, மிச்ச இஞ்சி, துண்டாக்கிய செத்தலில் நான்கு போட்டு மணம் வரும் வரை வதக்குங்கள், கருகினால் கசக்கும். பெரிய துண்டுகளாக வெட்டிய வெங்காயமும் கறிமிளகாயும் போட்டு, பெரிய நெருப்பில் இரண்டு நிமிடம். வெங்காயம் கடித்தால் சத்தம் கேட்க வேண்டும், குழையக்கூடாது. தக்காளியைப் போட்டு இறைச்சியையும் திரும்பப் போடுங்கள். சோயா சோஸ், மிச்ச வினாகிரி, தக்காளி சோஸ், சீனி, சோளமா ஆகியவற்றைக் கால் கோப்பை தண்ணீரில் கலக்கி ஊற்றிப் புரட்டுங்கள். ஒரு நிமிடத்தில் தடித்து இறைச்சியில் ஒட்டும். இறக்குங்கள். உப்புப் போடாதீர்கள், சோயா சோஸில் போதியளவு இருக்கிறது. வீட்டில் பிறஷர் உள்ள பெரியவர்கள் இருந்தால் சோயா சோஸை ஒரு கரண்டியாகக் குறைத்து, தேசிக்காய்ப் புளி கொஞ்சம் விடுங்கள்.

சோயா சோஸ் வாங்கக் காசில்லாத கிழமையில், அவிக்கும்போது கொறக்காப்புளி இரண்டு துண்டும் வறுத்த கறித்தூளும் போட்டு, வற்ற விட்டால் கொட்டாஞ்சேனை வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை சமைக்கும் கறுப்புப் பன்றிக் கறி வரும். உண்மையைச் சொன்னால் எங்களுக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். பிள்ளைகளுக்கு டெவில்தான் வேண்டும்.

கடைசியில் கீரை, வதக்கிப் பத்து நிமிடத்தில் சோர்ந்துவிடும் என்பதால் கடைசியில். கங்குங் சேற்று நிலத்தில் வளர்வது, ஆகவே மூன்று நாலு தண்ணீரில் அலசுங்கள். ஒரு தண்ணீரில் உப்புப் போட்டுக் கொஞ்சம் ஊறவிட்டால் பூச்சி இருந்தால் கழன்றுவிடும். பச்சையாகச் சாப்பிட வேண்டாம். தண்டையும் இலையையும் புறம்பாக வெட்டுங்கள். தாச்சியைக் கழுவாமல் ஒரு கரண்டி கொழுப்பு விட்டு, மிச்ச உள்ளியையும் செத்தலையும் போட்டு, முதலில் தண்டு ஒரு நிமிடம், பிறகு இலை ஒரு நிமிடம், உப்பு ஒரு சிட்டிகை. வீட்டில் பன்றி சாப்பிடாத ஒருவர் இருந்தால் கீரையை எண்ணெயில், கழுவிய தாச்சியில், இறைச்சிக்கு முன்னரே வதக்கிவிடுங்கள். கங்குங் கிடைக்காத நாளில் கோவா, கரட், போஞ்சி, லீக்ஸ் எதையும் மெல்லியதாக வெட்டி இதே முறையில் வதக்கலாம். மலைநாட்டு மரக்கறி மழைக் காலத்தில் விலை ஏறும்; கங்குங் அநேகமாக எப்போதும் மலிவு.

எல்லாம் வெட்டி வைத்திருந்தால், அடுப்பு எரிவது ஏறக்குறைய ஒரு மணி நேரம், அதிகம் போனால் ஒன்றேகால்.

மிஞ்சினால்

பிரிட்ஜ் இல்லாத அறையில் மிஞ்சாமல் சமைப்பதே வழி. சமைத்த சாப்பாட்டை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. வினாகிரி போட்டதால் பழுதாகாது என்று சிலர் நினைக்கிறார்கள். இந்த அளவு வினாகிரி ருசிக்கு மட்டுமே, சாப்பாட்டைக் காக்காது. சோற்றிலும் கவனம் தேவை. பழைய சோற்றில்தான் பிரைட் ரைஸ் நன்றாக வரும் என்பது உண்மை, ஆனால் அது பிரிட்ஜில் வைத்த சோறு. வெளியில் இரவு முழுவதும் கிடந்த சோற்றில் வளரும் கிருமி விடும் நஞ்சு, திரும்ப வறுத்தாலும் போகாது. வாந்தி எடுக்க வைக்கும். பிரைட் ரைஸ் வேண்டுமென்றால் அன்று சமைத்த சோற்றை அகலத் தட்டில் பரப்பி, விசிறியின் கீழ் அரை மணி நேரம் ஆறவிட்டு வறுங்கள்.

பேணியில் ஊற்றிய கொழுப்பை வடித்து மூடிவைத்தால் இரண்டு நாள் கீரை வதக்க உதவும். வேண்டாம் என்றால் இறுகியதும் தாளில் சுற்றி உக்கும் குப்பையோடு போடுங்கள். கழுவும் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைபடும். கீழ் மாடிக்காரர் உங்களைத்தான் தேடி வருவார். மாநகர சபை வண்டிக்கு உக்கும் குப்பையையும் உக்காத குப்பையையும் பிரித்தே கொடுக்க வேண்டும். இறைச்சிக் கழிவை வண்டி வரும் நாளுக்கு முதல் இரவு வரை கட்டி வைத்தால் மணக்கும், எலியும் வரும். ஆகவே இறைச்சி வாங்கும் நாளை, குப்பை வண்டி வரும் நாளுக்கு முதல் நாளாகப் பார்த்து வைத்துக்கொள்வது புத்தி. இதை எங்களுக்குச் சொல்லித் தந்ததும் அந்த முல்லைத்தீவுத் தாய்தான்.

பயிற்சி: இந்தக் கிழமை ஏழு நாளும் சாப்பாட்டுக்குச் செலவழித்ததை, கடையில் வாங்கியது புறம்பாக, வீட்டில் சமைத்தது புறம்பாக எழுதிக்கொண்டு அடுத்த வகுப்புக்கு வாருங்கள். பில் இருந்தால் பில்லையும் கொண்டுவாருங்கள். ஒரு நாளாவது இந்தச் சாப்பாட்டைச் சமைத்துப் பார்த்தவர்கள், காஸ் எத்தனை நிமிடம் எரிந்தது என்பதையும் குறித்து வாருங்கள். பில்லை வாசிக்கத் தெரியாதவர்கள் வெறுமனே கொண்டுவந்தால் போதும், வகுப்பில் சேர்ந்து வாசிப்போம்.